மேற்கோள் குறியை மிச்சம் பிடித்த கதை

சிக்கனத்தால் குடும்ப மானத்தைக் கப்பலேற்றியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். நான் மிச்சம் பிடித்தது பணமோ மின்சாரமோ இல்லை, மேற்கோள் குறி. (ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்குமே, அதேதான்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் ஆறு மாதம், இன்டர்நெட் பக்கம் எழுதக் கற்றுத்தரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். எங்கள் சொந்தத்திலேயே ‘எச்.டி.எம்.எல்.’ என்று திக்காமல் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் தேவையில்லாத இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். (பால்காரரிடம்கூட.) திருப்பதியில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் வேலையும் கிடைத்துவிட்டது. சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம் அது. திருப்பதியிலோ தெருவுக்கொரு புது ஓட்டல். அவர்களுக்கு ஆள் வேண்டும், எங்கள் ஜனங்களுக்கு வேலை வேண்டும். இரண்டையும் இன்டர்நெட்டில் முடிச்சுப் போட்டுவிடலாம் என்று தீர்மானித்த ஓனர் சுதாகர் சார், விண்ணப்பப் பாரம் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

பாரத்தில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதக் கட்டங்கள். கடைசியில் ‘என்ன வேலை?’ என்று ஒரு பட்டியல், அழுத்தினால் கீழே விரியும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் திரையில் தெரிகிற பெயர் ஒன்று, ஓனரின் மெயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய பெயர் ஒன்று. இந்த இரண்டாவதை ‘வேல்யூ’ என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் அடைத்து எழுத வேண்டும். கோர்ஸில் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் அடைத்திருந்தேன்.

வினை பிரவுசிங் சென்டரில் வந்தது. பக்கத்தைத் திறந்து காட்டப் போனால், அது திறக்கவே மாட்டேன் என்றது. சுதாகர் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, இதி ஓபன் அய்யேலோப்பு நேனு டீ தாகி வச்சேஸ்தானு.” (இது திறப்பதற்குள் அவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவாராம். சொன்னபடியே போய்க் குடித்துவிட்டும் வந்தார்.)

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தின் எடையைக் குறைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். எதை எடுக்கலாம்? வேலையின் பெயரை எடுக்க முடியாது, ஊரின் பெயரை எடுக்க முடியாது. இந்த மேற்கோள் குறிகள்? சும்மா அலங்காரத்துக்குத்தானே நிற்கின்றன! ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தேன். ‘டிரைவர்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பிப் பார்த்தேன். மெயிலில் ‘டிரைவர்’ என்றே வந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அந்த மாலை ஒரு ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டேன்.

மேற்கோள் குறி இல்லாவிட்டால் பிரவுசர் முதல் இடைவெளி வரைக்கும்தான் படிக்கும், மிச்சத்தைக் கழித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதாவது ‘ஹவுஸ் வயரிங்’ என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால் ஓனருக்கு வெறும் ‘ஹவுஸ்’ என்று போகும். ஓட்டல் ரூமைச் சுத்தம் செய்கிற ‘ஹவுஸ் கீப்பிங்’ என்று தேர்ந்தெடுத்தாலும் அதே ‘ஹவுஸ்’தான். திரையில் முழுப் பெயரும் அழகாகத் தெரியுமாதலால் யாருக்கும் சந்தேகம் வராது. தப்பாக எழுதினால் கத்த வேண்டாமா? ஒரு வார்த்தை திட்ட வேண்டாமா? சிரித்த முகத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்னால் காலை வாருகிற சொந்தக்காரர்களைப் போன்றது இந்த பிரவுசர்.

இந்த நேரம் பார்த்து மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. புத்தூரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர். அந்த வருடம் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் படுத்துக் கிடந்திருந்தார். இனிமேல் கம்பெனி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அத்தை சத்தியம் வாங்கியிருந்தாள்.

“பாப்பா, கழுத்துல கார்டு மாட்டிக்கினு போற வேலையா ஒண்ணு போட்டு வுடு. உன் அத்த தெனம் அழுதுகினு கீறா.”

நானே என் கையால் அவர் பாரத்தை நிரப்பினேன். ‘ஹவுஸ் வயரிங்’ தேர்ந்தெடுத்தேன். அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஏதோ கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சுதாகர் சார் மெயிலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, ஹவுஸ் அண்டே ஹவுஸ் கீப்பிங்கே கதா?” (‘ஹவுஸ்’ என்றால் ஹவுஸ் கீப்பிங்தானே என்கிறார்.)

திரும்பிக்கூடப் பார்க்காமல், “அவுனு சார்” என்றேன். (என் வாழ்க்கையிலேயே விலை அதிகமான ‘ஆமாம்’ அதுதான்.) அவர் ‘ஹவுஸ்’ என்று வந்திருந்த பதினைந்து பேருக்கும் போன் செய்து, ஒரு புது ஓட்டலுக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிவிட்டார்.

இன்டர்வியூ அன்று ஆட்களைச் சரிபார்க்க நான் முன்னாடியே போய் நின்றேன். பதினைந்து பேரில் நான்கு பெண்கள், பதினோரு ஆண்கள். அந்தப் பதினோரு பேர் சட்டைப் பையிலும் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருந்தது. மாமா வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் டூல்ஸ் பையோடு வந்திருந்தார். ஹவுஸ் கீப்பிங்குக்கு எதற்கு டெஸ்டர்? ஆனாலும், ஓட்டலுக்கு எலக்ட்ரீஷியனும் வேண்டும்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டலின் மேற்பார்வை மேடம் எல்லோரையும் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு ரூம், இருபது நிமிடத்தில் ‘செட்’ பண்ணிக் காட்ட வேண்டும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கீழே போனார். நான்கு பெண்களும் போய் மெத்தையை உதறினார்கள். மற்ற பதினோரு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் ஓட்டல் முழுக்க இருட்டாகிவிட்டது. எங்கிருந்தோ, “எவருரா அதி! தலுப்பு தீயண்டிரா!” என்று கதவைத் திறக்கச் சொல்லி ஒரு குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த சுதாகர் சார், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தார்.

மாமாவின் ரூமுக்கு ஓடினேன்.

“மாமா! கரண்டு எங்க?”

“மெயின ஆஃப் பண்ணிட்டேன் பாப்பா.”

“ஏன் மாமா?”

“பின்ன? லைவ்லயே கை வெக்கச் சொல்றியா? உன் அத்தைக்கு யாரு பதில் சொல்றது?”

அதற்குள் மேடம் டார்ச்சோடு மூச்சு வாங்க வந்து நின்றார். வெளிச்சத்தில் பார்த்தால் சுவிட்ச் போர்டு வயரில் தொங்குகிறது. ஃபேன் கழற்றித் தரையில் கிடக்கிறது. மேடம் கட்டிலைப் பார்த்தார்.

“பெட்ஷீட் எக்கட?”

“இதோ மேடம்,” என்று மாமா பெருமையாகத் தரையைக் காட்டினார். “ஃபேனுக்கு அடியில விரிச்சுகீறேன். உங்க டைல்ஸ்ல கீறல் வுழக் கூடாதில்ல?”

மேடத்துக்குத் தமிழ் புரிந்தது என்பதுதான் கொடுமை. மீதிப் பத்து ரூம்களும் ஏறக்குறைய அதே கதியில்தான் இருந்தன. மெயின் போட்டு சுதாகர் சாரை இறக்கியபோது அவர் சட்டை நனைந்திருந்தது. நான்கு பெண்களுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பதினோரு பேரும், கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினார்கள்.

ஆபீசுக்குப் போய்த் தவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கண்டதும் மேஜையில் தலை வைத்து அழுதேன். சுதாகர் சார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். பதினோரு பேருக்கும் நானே போன் செய்து, என்ன நடந்தது என்று விளக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். மேற்கோள் குறி என்றால் என்ன என்று நகரி ஊர்க்காரர் ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பதினோராவது ஆள் மாமா. போனை எடுத்தார், முழுக்கக் கேட்டார். “எல்லார் கிட்டயும் கார்டு வரப் போவுதுன்னு சொல்லிட்டேனே பாப்பா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில், பேப்பரில் கையால் எழுதிக் கொடுத்து, மெயின்டனன்ஸ் வேலை வாங்கினார். கார்டு வந்த அன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

இப்போது நான் பெங்களூரில் அடுத்தவர் எழுதும் பாரங்களில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்திருந்தார். அவருக்கென்று ரூமில் புது பெட்ஷீட் விரிக்கப் போனேன்.

“இரு பாப்பா,” என்று வாசல் பக்கம் நடந்தார். “மெயின ஆஃப் பண்ணிட்டு வந்துட்றேன்.”

குடும்பம் முழுக்க இத்தனை வருடமாகச் சொல்லும் கிண்டல்தானே என்று நானும் சிரித்தேன். நிஜமாகவே ஆஃப் பண்ணிவிட்டார். அடுத்த ரூமில் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த என் கணவர் இருட்டிலிருந்து கத்தினார்.

“எவன்டா அது!”

மாமா என்னைப் பார்த்து, “லிஃப்டுல யாரும் இல்லியே?” என்றார்.