சொல்லொணா இன்னல்களும் ஐந்து நாள் லீவும்

என்றும் என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. நான் நலம், அறை நலம், மின்விசிறி சத்தம் போட்டாலும் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சேர்த்துவிட்ட இந்த மனு அடிக்கும் கடையில் எனக்கு ஜன்னலோர நாற்காலி. எட்டாவதோடு நின்றவள் இப்போது விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கிறேன். இன்னல் என்று ஒரு புதுச் சொல்லும் கற்றுக்கொண்டேன். அர்த்தம் கேட்டதற்குக் கடைக்கார அக்கா, "வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது கஷ்டம்டி. மனுவுல ஏறிட்டா இன்னல்" என்றார். குழாயில் தண்ணீர் வராதவர், ஓய்வூதியம் வராதவர், பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் வராதவர், எல்லோருக்கும் எங்கள் கடையில் ஒரே வரிதான்: "சொல்லொணா இன்னல்களுக்கு ஆளாகியுள்ளேன்." அது கணினியில் ஏற்கெனவே இருக்கும், மேலேயும் கீழேயும் நிரப்பினால் போதும்.

நேற்று ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணன் தன் கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு கேட்டு மனு அடிக்க வந்தார். அடித்ததை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கடை வழக்கம். எனக்குத்தான் புது ஆள் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அப்படியே நீட்டிவிட்டேன், அவரும் மாப்பிள்ளை மிதப்பில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார், போட்டதை நேரே கல்யாணப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார், அதில் "எனது திருமணத்தின் காரணமாகச் சொல்லொணா இன்னல்களுக்கு ஆளாகியுள்ளேன்" என்று இருந்திருக்கிறது. இன்று காலை அந்தப் பெண்ணே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்குள்ள அவருக்கு நான் என்ன இன்னல் குடுத்துட்டேன்?"

நான் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். சாயங்காலம் இருவரும் வர வேண்டுமாம், நானே வேறு மனு அடித்து நானே சத்தமாக வாசிக்க வேண்டுமாம், முடியாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கடைக்கார அக்கா சொல்லிவிட்டார். என்னால் முடியாது சித்தி. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டிப் பயலுக்கு இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் வாசித்தேன் சித்தி. முதல் வரி வெறும் காற்றாக வந்தது, மூன்றாவது வரியில் குரல் வந்துவிட்டது. முடித்ததும் கல்யாணப் பெண் கொஞ்சம் யோசித்தார். "இவ்ளோ சப்புன்னு இருந்தா லீவு குடுப்பாங்களா? ஒரே ஒரு இன்னலாவது சேரு, பாப்பா" என்றார். சேர்த்தேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.