சுல்தானுக்குப் போன மாத்திரை

இனிமேல் தன் உடம்புக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்பதைத் தானே முடிவு செய்வதென்று கிரிஸ்புலோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானித்தார். தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி வில்மா வீட்டில் இருந்தாள்.

எல்லாம் கனடாவிலிருந்து வந்த பெட்டியால் வந்த வினை. இலோய்லோவில் அவர்கள் தெருவில், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் அப்படி இடுப்புயரப் பெட்டி வரும். நர்ஸாக இருக்கும் மகள் ரோவேனா அனுப்புகிற பெட்டியைத் திறந்தால் முன்பெல்லாம் டின் மாட்டிறைச்சியும் சாக்லேட்டும் கொட்டும்; பாதித் தெரு வாசலில் வந்து பல்லைக் காட்டும். ஆனால் போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்குக் கொழுப்பு ஏகத்துக்கு ஏறிக் கிடப்பதை அம்மா போனில் சொல்லித் தொலைத்துவிட்டாள். இந்தத் தடவை பெட்டி முழுக்க ஓட்ஸ், ஆளி விதை, மீன் எண்ணெய் மாத்திரை பாட்டில்கள். ஆசையோடு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு பெர்ட்டிங், "யாருக்குங்க உடம்பு சரியில்லை?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனான்.

அன்றோடு பூண்டுச் சோறு போயிற்று, பன்றிக் கொத்துக்கறி போயிற்று. முருங்கைக்கீரையும் வேகவைத்த மீனும் சிவப்பரிசியும் வீட்டுக்குள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

"இது என்னது, வில்மா?"

"ஓட்ஸ்."

"சுவத்துல போஸ்டர் ஒட்டப் போறியா?"

"இதயத்துக்கு நல்லதுங்க."

"என் இதயம் இதப் பார்த்தே நின்னுடும் போல இருக்கே."

"நிக்காம இருக்கத்தான் மாத்திரை. ஆ காட்டுங்க."

மாத்திரை பலாக்கொட்டை மாதிரி இருந்தது.

"இது எதுக்கு?"

"மூளைக்கும் இதயத்துக்கும்."

"ஒரே மாத்திரையா? எது எங்க போகணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. முழுங்குங்க. நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை. ஆனால் கடைவாய்ப் பல் விழுந்த பள்ளம் ஒன்று அவருக்கு இருந்தது. பல் போன நாளில் பாவம், அழுதிருக்கிறார். கடவுள் எதையும் காரணமில்லாமல் பிடுங்குவதில்லை என்று இப்போதுதான் புரிந்தது. வில்மா திருப்தியாகத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டாள். லேசாக மீன் வாடை வந்தது. நேற்று ராத்திரி மீன்தானே என்று அவரும் விட்டுவிட்டார்.

கொல்லைக்குப் போனார். அங்கேதான் சுல்தான் இருந்தது.

சுல்தான் அவர் சண்டைக்கென்று வளர்த்த கட்டுச் சேவல். அந்த ஊர் ஆம்பிளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி தலைவலிக்கிறது என்றால் "கொஞ்சம் படு" என்பார்கள். சேவல் ஒரு தும்மல் போட்டால் டவுனுக்கு ஓடுவார்கள். சேவலுக்குக் கால் பிடித்துவிடுவது, குளிப்பாட்டுவது, சத்து மாத்திரை கொடுப்பது எல்லாம் அங்கே சர்வ சாதாரணம். அதனால் ஒருத்தன் விடிகாலையில் சேவல் வாயில் மாத்திரை போடுவதைப் பார்த்து ஒரு ஈ காக்கை கூடச் சந்தேகப்படாது. கிரிஸ்புலோ பள்ளத்திலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார். சுல்தான் லபக்கென்று முழுங்கியது. தினமும் நடந்தது. கையோடு ஓட்ஸும் போயிற்று.

சேவல் பளபளத்தது. இறகில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. தெருப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து சுல்தானையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அழகை ரசிக்கத் தெரிந்த பூனைகள் என்று கிரிஸ்புலோ நினைத்துக்கொண்டார்.

"என்னங்க தீனி போடுறீங்க இதுக்கு?" என்றாள் வில்மா.

"சோளம்தான்."

"நல்ல சோளம்" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஊர்த் திருவிழாவில் சுல்தான் பெர்ட்டிங்கின் சேவலை ஜெயிக்க வேண்டும். பெர்ட்டிங் ரோவேனாவுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் கிரிஸ்புலோவும் அவனும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். உயிருக்கு உயிரான சிநேகம்தான். ஆனால் தோற்ற சேவல் கோச்சை. அது ஜெயித்தவன் வீட்டுச் சட்டிக்குப் போகும். அதுதான் வழக்கம். போன வருஷம் கிரிஸ்புலோவின் சேவல் அப்படித்தான் போயிற்று. அதோடு விட்டானா பாவி? சமைத்து, ஒரு கிண்ணம் இவர் வீட்டுக்கும் அனுப்பினான். வில்மா சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சி தூக்கலா, நல்லா இருக்கு" என்றாள். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

திருவிழா வந்தது. களம் நிறைய கூட்டம். சுல்தானைப் பார்த்ததும் ஒரு 'ஆஹா' எழுந்தது. கிரிஸ்புலோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதை மண்ணில் விட்டார்.

சுல்தான் எதிராளியைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. பிறகு ஒரு பக்கமாக நடந்து போய் உட்கார்ந்துவிட்டது.

ஓடியிருந்தாலாவது கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். இது உட்கார்ந்தது. நடுவர் தூக்கித் தூக்கி விட்டார். மறுபடி மறுபடி உட்கார்ந்தது. பெர்ட்டிங்கின் சேவல் குழம்பிப் போய், சும்மா ஒரு பேச்சுக்கு கொண்டையில் ஒரு கொத்து கொத்தியது. ஆட்டம் முடிந்தது. "அதுக்கு ஒரு தலகாணி கொடுங்கய்யா!" என்று எவனோ கத்தினான்.

கிரிஸ்புலோவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மூளைக்கு நல்லது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறானே! மூளை வளர்ந்த எவன் காலில் கத்தி கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான்? சேவல் ஞானியாகிவிட்டது. அதை ஞானியாக்கியது அவருடைய கைதான்.

"கும்பாரே, வழக்கம் வழக்கம்தான்" என்று சொல்லி பெர்ட்டிங் சுல்தானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"உயிரோடதானே இருக்கு! விட்டுடு கும்பாரே. வேற எது வேணும்னாலும் கேளு."

"உக்காந்த சேவலை வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? பாடம் கேக்கப் போறியா?"

சாயங்காலம் தெருவெல்லாம் முழுப் பன்றி வறுபடும் வாசனை. கிரிஸ்புலோவின் மேஜையில் மட்டும் ஒரு கிண்ணம் கோழிச் சூப். பப்பாளிக்காய், இஞ்சி, முருங்கைக்கீரை, நடுவில் ஒரு கால்.

"பெர்ட்டிங் வீட்டுப் பங்கு. சாப்பிடுங்க" என்றாள் வில்மா.

"என்னால முடியாது."

"ஏன் முடியாது? நீங்க சாப்பிட வேண்டிய மீன் எண்ணெய் எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு? ஒரு சொட்டு விடாம குடிங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"ஊர்ப் பூனையெல்லாம் ஒரு சேவல் முன்னாடி தவம் கிடந்தப்பவே தெரியும்."

கிரிஸ்புலோ அழுதார். அறுபது வயசு மனுஷன், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தச் சேவலை அவர் குஞ்சிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவர். வில்மா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அப்பா! ஏன்ப்பா அழறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இதயத்துக்கு நல்லது. இனிமே உங்கம்மா முன்னாடியே மாத்திரை முழுங்குவேன். ஓட்ஸும் தின்பேன். குழந்தைச் சாமி சாந்தோ நீன்யோ மேல சத்தியம்."

"மகளே சாட்சி, போதும்" என்று வில்மா மாத்திரையை நீட்டினாள். "பல்லு போன பக்கத்தையும் காட்டுங்க."

அதுவும் தெரிந்திருக்கிறது! முழுங்கினார். இந்த முறை நிஜமாகவே தொண்டையில் இறங்கியது.

அது இறங்கின நிமிஷம், பெர்ட்டிங் வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு கூவல். அந்தக் குரலை அவர் கோடிக் குரலில் கண்டுபிடிப்பார். ஓடிப் போய்ச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். சுல்தான் புதுக் கூண்டில் சுகமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பெர்ட்டிங் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காத கும்பாரே. சட்டியில போனது சந்தைக் கோழி. வில்மா வந்து சொன்னாங்க, நான் கேட்டேன். உங்க வீட்டம்மா சொல்லி நான் என்னைக்கு மாட்டேன்னு இருக்கேன்?"

கிரிஸ்புலோ திரும்பினார். வில்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது ஏன் சண்டை போடல? ஞானம் வந்துட்டதால இல்லையா?"

"என்ன ஞானம்? காலையில நீங்க ஷேவ் பண்ணப் போனப்ப, ஒரு சட்டி ஓட்ஸ் காய்ச்சிப் போட்டேன். மூக்கு முட்டத் தின்னவன் எவன் சண்டைக்குப் போவான்?"

சண்டைச் சேவலை வெறும் வயிற்றோடுதான் களத்தில் விட வேண்டும் என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். கிரிஸ்புலோவுக்கு அன்று காலை சேவலின் வயிற்றைத் தடவிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"சுல்தான் எப்ப வீட்டுக்கு வரும்?"

"பாட்டில் எல்லாம் காலியானதும் வரும். அதுவரைக்கும் பெர்ட்டிங் பாத்துக்குவாரு."

அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது.

"ஏன் வில்மா, இவ்வளவு யோசனை உனக்கு எங்கிருந்துதான் வருது?"

வில்மா வாயைப் பொத்திக்கொண்டு மீன் வாடையாக ஒரு ஏப்பம் விட்டாள்.

"பெட்டி வந்த நாள்லேர்ந்து நான் ஒழுங்கா முழுங்கிட்டு வரேங்க."