லாமினேட் செய்த மருந்துச் சீட்டு

நீங்கள் எப்பவாவது ஒரு மருந்துச் சீட்டைப் பொசுக்கியிருக்கிறீர்களா? நான் பொசுக்கியிருக்கிறேன். அதுவும் இரசாயனவியலில் பட்டம் வாங்கிய கையோடு.

போன வருசம். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் அக்காவும் நானும் நடத்தும் கடையில் போன், ஃபேக்ஸ், லாமினேட்டிங் மூன்றும் உண்டு. சண்டையால் டொக்டர்மார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். டொக்டர் போனில் சொல்லும் மருந்தைக் கொடுக்கச் சட்டம் விடாது, கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்று மருந்துக்கடை ஐயா ஒரே பிடி. நான் விட்டேனா? நோயாளி எங்கள் கடையிலிருந்து டொக்டரோடு கதைப்பார். டொக்டர் எழுதி, முத்திரை குத்தி, ஃபேக்ஸ் அனுப்புவார். அசல் தபாலில் வரும். ஐயாவும் தலையாட்டினார். (அரசாங்கத்துக்கே தோன்றாத யோசனை. கைதட்டலாம்.)

ஒருநாள் திரியாய்க் கிராமத்திலிருந்து ராசமலர் அக்கா வந்தார். புருசனுக்கு வலிப்பு. விழுங்குகிற குளிசை அன்றிரவோடு முடிகிறது. நாலு மணி பஸ்ஸை விட்டால் பாதை மூடிவிடும்.

மூன்று மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. சோதனைச் சாவடியில் பத்துக் கை படும் என்று பாஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் லாமினேட் செய்கிற ஊர் இது. சீட்டையும் பத்திரப்படுத்துவோமே என்று மெஷினுக்குள் விட்டேன்.

லாமினேட்டிங் மெஷின் சூட்டால் ஒட்டுவது; சூடு பட்டால் ஃபேக்ஸ் தாள் கறுக்கும். (மூன்று வருசம் படித்தேன்.) மறுபக்கம் வந்தது பளபளவென்று ஒரு கரிய பலகை.

அதையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது ஆருடைய எக்ஸ்ரே?"

திரும்பி ஓடிவந்து போனில் டொக்டரைப் பிடித்தேன். கிளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். நடந்ததைச் சொன்னதும் கேட்டார்:

"நீர் படிச்ச பிள்ளையெண்டெல்லோ சொன்னனீர்?"

திரும்ப எழுதி அனுப்பினார். தாள் வெளியே வரமுதல் ராசமலர் அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீங்கள் தொட வேண்டாம் தம்பி. நான் கொண்டு போறன்."

மூன்று ஐம்பதுக்குக் குளிசை. நாலுக்குப் பஸ். அந்த மனிசனுக்கு அன்றைக்கும் வலிப்பு வரவில்லை, பிறகும் வரவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். வீட்டில் மட்டும் என் பெயர் 'எக்ஸ்ரே'. பட்டச் சான்றிதழை எடுத்தாலே, "மெஷினுக்குக் கிட்டக் கொண்டு போகாதை" என்கிறார் அக்கா.

திரியாயிலிருந்து இப்போது கிழமைக்கு ஏழெட்டுப் பேர் சீட்டு எடுக்க வருகிறார்கள். லாமினேட்டிங் மெஷினின் வயர் அக்காவின் அலுமாரிக்குள் இருக்கிறது.