ஆடிக்கு முந்தின நாள் ஷிப்டிங்

பட்டாபிராம்,
ஆடி முதல் திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கு, கஜபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சரசாவும் சுகம். அரக்கோணத்தில் உங்கள் சர்க்கரையும் முட்டிவலியும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். செல்வகுமார்தான், "மாமாக்கு லெட்டரா எழுதுப்பா, போன்னா அவரே பேசிகினு இருப்பாரு" என்றான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். திருமுல்லைவாயில் வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி ஓனர் காலி செய்யச் சொன்னதும், பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி, நான் பட்டாபிராமில் மகன் வீட்டிலும், சரசா கரையான்சாவடியில் மகள் பானுப்பிரியா வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டும் இருப்பதென்று முடிவு செய்தார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சும்மா ஷிப்டிங்தாம்பா, இதுல இன்னா கீது" என்றான் செல்வகுமார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலமெல்லாம் ஷிப்ட் என்றால் எனக்குப் பகல், ராத்திரி, சங்கு ஊதினால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். இந்த ஷிப்டில் சங்கு எப்போது ஊதும் என்று தெரியாததால்தான் இங்கிலீஷ் வாத்தியாரான உங்களிடம் அர்த்தம் கேட்டேன். பழைய இங்கிலீஷில் அதற்குப் பங்கு பிரிப்பது, ஒழுங்காக எடுத்து வைப்பது என்றுதான் பொருள், இடம் மாறுவதெல்லாம் பின்னால் வந்தது, துணி மாற்றுவதிலிருந்து பெண்களின் உள்ளங்கிக்குக்கூட அந்தப் பெயர் வந்தது, வேலை முறை அதற்கும் பிறகு என்று விளக்கினீர்கள். உள்ளங்கி விஷயத்தைச் சரசாவிடம் நான் சொல்லவில்லை. முதல் பொருளைச் சொன்னேன். "அப்ப பசங்க சரியாத்தான் பேர் வெச்சிகீதுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

ஆடியில் வீடு மாறக்கூடாது என்பதால் முந்தின நாளே வண்டி வந்தது. முதலில் என் சாமானைப் பட்டாபிராமில் இறக்கிவிட்டு, அப்படியே சரசாவையும் அவள் சாமானையும் கரையான்சாவடியில் விடுவது திட்டம். அவசரத்தில் கிரைண்டர் மகள் பங்குக்கும் அதன் கல் என் பங்குக்கும் போனது தனிக்கதை. பட்டாபிராமில் இறங்கிய சரசா, பால் காய்ச்சாமல் ஒரு பாத்திரம்கூட உள்ளே போகக்கூடாது என்று வாசலில் நின்றுவிட்டாள். "நாங்க குடியிருக்கிற ஊடும்மா, எப்பவோ பால் காச்சியாச்சு" என்றான் செல்வகுமார். "அது உனக்கு. உங்கப்பா இன்னிக்குத்தான குடி வர்றாரு" என்றாள். எங்கிருந்தோ பாலும் வந்துவிட்டது. காய்ச்சி, பொங்கி, வண்டிக்காரர் உட்பட எல்லோரும் குடித்தோம். அதன்பிறகு வண்டியில் ஏறச் சொன்னால் ஏறவில்லை. பால் காய்ச்சியவள் அன்று ராத்திரி அந்த வீட்டில்தான் படுக்க வேண்டுமாம். வண்டி அவள் சாமானோடு போய்விட்டது. விடிந்தால் ஆடி. "ஆடியில எவனா ஊடு மாறுவானா?" என்று கேட்கிறாள். சேலையெல்லாம் கரையான்சாவடியில் இருக்கிறது, இவள் மருமகள் காவ்யாவின் நைட்டியில் திரிகிறாள், காவ்யா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் பெண், அவள் மீட்டிங்கில் பேசும்போதெல்லாம் இங்கே குக்கர் விசில் அடிக்கிறது, பானுப்பிரியா போனைப் பிடித்துக் குழந்தை அழுவதைக் கேட்க வைக்கிறாள். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, இது குடிபோவது இல்லை, மகள் வீட்டுக்குப் போவதுதான், அதற்கு ஆடி தடையில்லை என்று தங்கைக்குப் புத்தி சொல்லி, கையோடு கரையான்சாவடியில் கொண்டுபோய் விடவும்.

சுசீலா அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கஜபதி.

பின்குறிப்பு: மேலே உள்ளது செல்வகுமார் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி படித்துப் பார்க்க எழுதியது. இப்போது ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். நீங்கள் வர வேண்டாம். தெருமுனைக் கடையில் பால் வாங்கி அவள் கையில் கொடுத்தவன் நான்தான். பானுவை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் காலையில் பஸ் பிடித்துப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறோம். சரசா இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது மச்சான். நீங்கள் நிறையப் படித்தவர். ஆவணியிலும் வீடு மாறக்கூடாது என்று எங்காவது எழுதியிருந்தால் உடனே அனுப்பி வைக்கவும்.