எங்கள் சுவரில் இரண்டு போஸ்டர்

ராமநாதபுரத்தில் ரோட்டைப் பார்த்த சுவர் உள்ளவன் பாக்கியவான். சினிமா போஸ்டர் ஒட்ட விட்டால் தியேட்டர்காரர்கள் ஓசி பாஸ் கொடுத்துவிடுவார்கள். அந்த வாரம் எங்கள் சுவரில் இரண்டு போஸ்டர். ஒன்று ‘மஞ்சள் தந்த மாரி’. இன்னொன்று ‘ஈரக் கதவு’, ஓரத்தில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு ‘ஏ’. இரண்டுக்கும் அன்று காலைக் காட்சிதான் கடைசி, அதோடு படப்பெட்டி திரும்பிவிடும். எந்த பாஸை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

“எங்க கிளம்பிட்டீக?” என்றாள் என் மனைவி சேதுலட்சுமி.

“‘ஈரக் கதவு’. மழை, வெள்ளம், சம்சாரி கஷ்டம். நாம பாக்காம யாரு பாக்குறது?”

“போங்க, போங்க. ஏமாந்துட்டு வாங்க.”

“எதுக்கு ஏமாறணும்?”

அந்தச் சுவரில், போஸ்டருக்குக் கீழேதான் அவள் தினமும் வறட்டி தட்டுகிறாள். வாசிக்காத போஸ்டர் கிடையாது.

“ஈரம், கதவு, கட்டிலுன்னு பேரு வச்சா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் ஒருத்தி ஜன்னலப் புடிச்சுக்கிட்டு அழுவா. கடைசியில போலீசு வரும்.”

“சரக்கு உள்ள படத்துக்கு?” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

“சாமி பேரு வைப்பாங்ய. நிறைகுடம் தளும்பாதுல்ல?”

அசந்துபோனேன். படம் எடுக்கிறவனுக்கே இந்தத் தெளிவு இருக்காது. இவளைக் கட்டியது என் பூர்வஜென்மப் புண்ணியம். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

“எனக்கும் பக்தி கொறஞ்சுதான் போச்சு. மாரிக்கே போறேன்” என்று பாஸை மாற்றிக்கொண்டேன். துண்டால் பாதி முகத்தை மூடியபடி தியேட்டர் வாசலில் போய் நின்றேன்.

“வாங்க மாப்பிள்ளை!”

என் மாமியார். சிக்கல் என்கிற அவர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் அதிரசப் பொட்டலத்தோடு.

“மாப்பிள்ளை சாமி படத்துக்குக் கூட்டிட்டுப் போறாகன்னு சேது நேத்தே சொல்லிவிட்டா!”

நேற்றே!

உள்ளே மாரி வந்தாள். சூலம் வந்தது. மூன்றாவது பாட்டுக்கு மாமியாருக்கு அருள் வந்தது. படம் முடியும்வரை அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்வரிசைப் பெண்கள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தேன். “ஏண்டி, நீ சொன்னது ஒண்ணுகூட அந்தப் படத்துல இல்லையே!”

“எது இல்ல?”

மாமியார் அதிரசத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“சும்மா சொல்லுங்க, எங்க அம்மாவும் கேக்கட்டும்” என்றாள் சேதுலட்சுமி.