தலைவர் வீட்டுக்குள் திரும்பிய துளை

கோடை முழுக்க மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், செதிலாயி என்று ஓர் எறும்புதின்னி அழுங்கு வாழ்ந்தாள். உடம்பெல்லாம் செதில், மூக்கு நீளம், நகம் அதைவிட நீளம். மண்ணைத் தோண்டுவதுதான் அவள் பிழைப்பு. நேராகத் தோண்ட யாருக்கும் வரும், வளைத்துத் தோண்ட அவளுக்கு மட்டும்தான் வரும் என்று காட்டில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவள்தான்.

ஓடை வற்றிவிட்டது. குட்டையில் சேறு வெடித்துக் கிடந்தது. கண்ணீர் வீணாகிறது என்று முயல்கள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டன. செதிலாயியின் பாடு இன்னும் மோசம். எறும்பு பிடிக்க நாக்கில் பசை வேண்டும், பசைக்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்த நாக்கை அவள் புற்றுக்குள் நீட்டினால் எறும்புகள் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயின.

காட்டுக்குத் தலைவர் கருமலையார் என்ற கரடி. தினமும் தன் குகை வாசலில் நின்று, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று பேசுவார். இல்லாத தண்ணீரில் எப்படிச் சிக்கனம் பிடிப்பது என்று யாரும் கேட்டதில்லை. தான் பனித்துளியை நக்கியே உயிர் வாழ்வதாக அவர் சொல்லும்போது கூட்டம் கைகூப்பும்.

காட்டின் நடுவே ஒரு பள்ளமும், அதன் வலப்பக்கம் பெரிய பாறை ஒன்றும் உண்டு. பாறையின் அடியில் ஊற்று இருக்கிறது என்பது எல்லாரும் நம்பிய விஷயம். பாறையை உடைக்க முடியாது. பள்ளத்திலிருந்து கீழே இறங்கி, பாறைக்கடியில் வலப்பக்கம் வளைந்து போக வேண்டும். தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று செதிலாயி நகத்தைத் தீட்டி வைத்திருந்தாள். ஆனால் அதற்குள் ஈட்டிமுத்து என்ற முள்ளம்பன்றி ஓர் இயந்திரத்தோடு வந்து இறங்கிவிட்டான். பக்கத்துக் காட்டில் இதை விற்பதுதான் அவன் தொழில்.

துளைமுனைக்குப் பின்னால் ஒரு சின்ன மூளை உட்கார்ந்திருக்கிறது, ஈரம் எந்தப் பக்கம் என்று அதுவே மோந்து பார்க்கும், அந்தப் பக்கம் அதுவே திரும்பும், கை வைக்கவே வேண்டாம் என்று அவன் விளக்கினான். செதிலாயிக்கு வேலை, திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பது. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டினான். ரோஷம் போய்விட்டது.

காடே பள்ளத்தைச் சுற்றிக் கூடியது. இயந்திரம் உறுமிக்கொண்டு இறங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு புழு மாதிரி கீழே கீழே போனது. வலப்பக்கம் வளைய வேண்டிய இடம் வந்தபோது, அது இடப்பக்கம் வளைந்தது. இடப்பக்கம் இருந்தது வறண்ட மொட்டைக் குன்று. அதன் உச்சியில் தலைவரின் குகை.

செதிலாயி ஈட்டிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இயந்திரத்துக்குத் தெரியும் என்றான். என்ன தெரியும் என்று கேட்டாள். அதுவும் இயந்திரத்துக்குத்தான் தெரியும் என்றான்.

அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே யானைகள் தும்பிக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. கோடு குன்றை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். பாறையில் இடித்தால் என்மேல் பழி போடக் கூடாது, சம்மதமா என்றது. சம்மதம் என்றாள். கைப்பிடியைப் பிடித்து, இத்தனை வருட அனுபவத்தையும் சேர்த்து வலப்பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

டங்கென்று ஒரு சத்தம். பூமி குலுங்கி மரத்திலிருந்து ஒரு குரங்கு விழுந்தது. துளைமுனையில் ஒரு பல் போயிற்று. பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இயந்திரம் தானே பின்வாங்கி, தானே இடப்பக்கம் திரும்பி, குன்றுக்குள் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனது. செதிலாயி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாற்காலிக்குள் ஒடுங்கினாள்.

சற்று நேரத்தில் துளைக்குள் ஏதோ கொப்பளித்தது. அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மான்கள் வாயைத் திறந்தபடி குதித்தன. பன்றிகள் உருண்டன. செதிலாயி நாக்கை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீரோடு ஒரு தாமரைத் தண்டு வந்தது. பிறகு முதுகு தேய்க்கும் பீர்க்கங்கூடு. பிறகு பாதி கரைந்த வாசனை சோப்பு.

அதற்குப் பின்னால், குன்றின் சரிவில் தலை நிறைய நுரையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கருமலையார் ஓடி வந்தார்.

"என் குளத்தில் ஓட்டை போட்டது யார்?" என்றார்.

அவர் நுரையை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் மொத்தக் காடும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நம் குளத்தில்" என்று திருத்திக்கொண்டார்.

காட்டு மக்களுக்காகவே குகைக்குள் அந்தக் குளத்தைக் காத்து வந்ததாகச் சொன்னார். தண்ணீர் கெட்டுவிடவில்லையே என்று தினமும் தானே உள்ளே இறங்கி, முழு உடம்பையும் பணயம் வைத்துச் சோதித்ததாகவும் சொன்னார். தாகத்தோடு கேட்டிருந்தால் அவரைக் கிழித்திருப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது. மூத்த யானை அவர் காதோர நுரையைக் கழுவிவிட்டு, இவ்வளவு நல்லது செய்பவர் முன்னமே சொல்லியிருக்கலாமே என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். கூட்டம் கைதட்டியது.

மறுநாள் சபை கூடியது. ஊற்றுக்குத் தலைவர் பெயர் வைத்தார்கள். கேட்காமல் வீடு புகுந்த குற்றத்துக்காக இயந்திரத்தைக் கூண்டில் அடைத்தார்கள். தண்ணீரைத் தேடச் சொன்னீர்கள், தேடியது என்று ஈட்டிமுத்து வாதாடினான். தேடச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவதா என்று தலைவர் சீறினார்.

அடுத்து, பாறையில் இடித்தது யார் என்று கேட்டார். செதிலாயி பயத்தில் பந்தாகச் சுருண்டுகொண்டாள். தலைவர் எழுந்து வந்து அந்தப் பந்தைத் தட்டினார்.

"அத்தனை தண்ணீரும் இடப்பக்கம் இருக்கும்போது வலப்பக்கம் திருப்பினாய் இல்லையா, அம்மா? உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."

பந்து மெல்ல விரிந்தது. காட்டின் நிரந்தரத் தலைமைத் துளைப்பாளர் பதவியும், எறும்பு மொய்க்கும் புற்று ஒன்றும் அவளுக்குக் கிடைத்தன. தலைவரின் குகைக்கு நேர் எதிரே, பாறைக்கு அந்தப் பக்கம் அவள் இன்றும் தோண்டிக்கொண்டிருக்கிறாள்.

நீதி: பாறையில் நெற்றியடியாக முட்டத் தெரிந்தவருக்கு எந்தக் காட்டிலும் வேலை நிரந்தரம்.