ஈஸ்டர் சமயத்தில் கிளைவுக்கு வந்த சுறாப் பயம்

அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரலின் முதல் வாரத்தில் வந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கு, கிளைவ் ட்ரெவாரோ தம் வாழ்நாளில் முதன்முறையாகச் சுறாவுக்குப் பயப்படுவது என்று முடிவு செய்தார்.

அறுபத்தாறு வயதுவரை அந்தப் பயம் வராததற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கான தேவை அதுவரை எழவில்லை.

இப்போது எழுந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில், ஈஸ்டரை ஒட்டித்தான் சால்மன் கூட்டம் கரையோரமாக வரும். அந்த நாட்களில் எங்கள் ஊர் ஆண்கள் வேலை, விரதம், மனைவி மூன்றையும் மறந்துவிட்டுத் தூண்டிலோடு பாறைமேல் போய் நிற்பார்கள். கிளைவ் இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒரே பாறையில் நின்றவர். பாறைக்குத்தான் சலித்திருக்க வேண்டும். சனிக்கிழமை விடியலுக்கு எல்லாம் தயார்: புதுத் தூண்டில், பழைய தொப்பி, நண்பர் வெர்ன்.

ஆனால் அதே சனிக்கிழமை காலையில்தான் ஊர் உயிர்காப்புக் கழகம் விரிகுடா நீச்சல் போட்டியை வைத்திருந்தது. அறுபது வயதைக் கடந்து நீந்துகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒருவர் சிறு படகில் துடுப்புப் போட்டுக்கொண்டே வரவேண்டும் என்பது கழகத்தின் விதி. கிளைவின் மனைவி மெர்லுக்கு வயது அறுபத்து நான்கு. பல் கிட்டிப்போகும் குளிரிலும் விடாமல் கடலில் இறங்கிப் பழகியிருந்தார். போட்டி என்று நீந்துவது இதுதான் முதல்முறை.

"துடுப்புப் போட யாரைச் சொல்லியிருக்கே?" என்று கிளைவ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே கேட்டார்.

"புருஷன்னு ஒருத்தன் வீட்ல இருக்கானே, அவனைத்தான்."

"சனிக்கிழமையா?"

"ஆமா. ஏன், அன்னிக்கு உனக்கு வேற ஜோலி இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் சில வேளைகளில் வேலை செய்யும். ஆனால் போன ஆண்டு திருமண நாளன்றும், அதற்கு முந்தைய ஆண்டு மெர்ல் கண் அறுவை முடிந்து வீடு திரும்பிய அன்றும் கிளைவ் பாறைமேல்தான் இருந்தார். இந்த ஆண்டு அவருக்கு உயர்ந்த காரணம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து வானொலி, நூறு மைல் தள்ளி ஒரு கடற்கரையில் சுறா தென்பட்டதாக அறிவித்தது. கிளைவின் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை உடனே கவலையாகத் திருத்திக்கொண்டார்.

"மெர்ல், நீ சனிக்கிழமை கடல்ல இறங்கக் கூடாது."

"ஏன்?"

"சுறா."

"எங்கே?"

"கடல்ல."

"பின்ன எங்க இருக்கும்? நம்ம கார் ஷெட்லயா?"

கிளைவ் மனம் தளரவில்லை. அன்று முழுவதும் பிரசாரம் நடந்தது. பழைய செய்தித்தாளில் வாயைப் பிளந்த சுறாவின் படத்தைத் தேடி எடுத்து, தேநீர்க் கோப்பைக்கு அடியில் தற்செயலாக விழுந்ததுபோல வைத்தார். பல்லின் நீளத்தை விரலால் காட்டினார். ஒவ்வொரு முறை காட்டும்போதும் பல் வளர்ந்தது.

"ஒரு சொட்டு மீன் ரத்தம் தண்ணியில பட்டாப் போதும், மைல் கணக்குல மோப்பம் பிடிச்சு வந்துடும்."

"நான் நீந்தத்தான் போறேன், கிளைவ். மீன் அறுக்கப் போகலை."

"அதுவும் சால்மன் பின்னாலயே வரும்."

"அது நிஜம்தான். அதுக்காகத்தான் மேட்டுல தொலைநோக்கியோட ஆளை நிறுத்தியிருக்காங்க. சங்கு ஊதினா எல்லாரும் கரையேறிடணும்."

"நீ அந்தக் கறுப்பு உடையில இருப்பே. கீழேருந்து பார்க்கிற சுறாவுக்குக் கொழுத்த கடல்நாய் மாதிரியே தெரியும்."

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷத்துல என் உடம்பைப் பத்தி நீ சொன்ன முதல் வர்ணனை இது. அதுவும் சுறாவோட அபிப்பிராயம்!"

வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல வெர்ன் சாப்பிட வந்தார். மனைவியை இழந்த அவருக்கு வெள்ளி தோறும் இந்த வீட்டில்தான் சாப்பாடு. பெரிய வெள்ளியாதலால் இறைச்சி கிடையாது. கிளைவ் கடைக்குப் போய்ப் பொரித்த மீனும் சிப்ஸும் மூன்று பொட்டலம் வாங்கி வந்தார். பிரித்த காகிதத்திலிருந்து ஆவி பறந்தது. கிளைவ் முதல் துண்டைக் கடித்துக்கொண்டே சொற்பொழிவைத் தொடங்கினார்.

"அதுக்கு ஈவு இரக்கமே கிடையாது, வெர்ன். கண்ணைப் பாரு. பசின்னு ஒண்ணு வந்துட்டா எதிர்ல இருக்கிறது யாருன்னு பார்க்காது. அப்படியே ஒரு கடி! அந்த எலுமிச்சம்பழத்தை இப்படித் தள்ளு."

வெர்ன் தள்ளினார்.

"கிளைவ், இது என்ன மீன்?" என்று மெர்ல் கேட்டார்.

"சுறாதான். வேற என்ன, எப்பவும் அதுதானே வாங்குறோம்?"

வெர்னுக்குப் புரை ஏறியது.

"இது சின்னச் சுறா," என்றார் கிளைவ்.

"அதனோட பெண்டாட்டியும் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பா. 'கரைப்பக்கம் போகாதே, அங்க கிளைவ்னு ஒருத்தன் இருக்கான், பசி வந்தா யாரு எவருன்னு பார்க்க மாட்டான்'னு," என்றார் மெர்ல்.

"நான் உன் உயிரைப் பத்திப் பேசுறேன், மெர்ல். நீ விளையாடுறே." கிளைவின் குரல் தழுதழுத்தது. பாதி நடிப்பு, மீதி, தொண்டையில் சிக்கிய சிப்ஸ்.

மெர்ல் எலுமிச்சம்பழத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "சரி. நான் நீந்தலை," என்றார்.

கிளைவ் தம் காதுகளை நம்பவில்லை. பாறை, விடியல், வளைந்த தூண்டில் எல்லாம் அவர் கண்முன் வந்து நின்றன.

"நீ சொல்றது சரிதான். உயிர் பெரிசா, நீச்சல் பெரிசா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வருஷத்துக்கு இந்த தேசம் முழுக்கச் சுறா கடிச்சு எத்தனை பேர் போறாங்க?"

"ரெண்டு பேர், மூணு பேர். சில வருஷம் அதுவும் இல்லை. ஆனா உயிர் உயிர்தானே!"

"உயிர் உயிர்தான். பாறையில நின்னு மீன் பிடிக்கிறப்ப அலை அடிச்சுட்டுப் போறவங்க எத்தனை பேர்?"

கிளைவ் வெர்னைப் பார்த்தார். வெர்ன் தட்டைப் பார்த்தார்.

"வெர்ன், நீ சொல்லு."

"அது... கொஞ்சம் கூடத்தான்."

"எவ்வளவு கூட?"

"பல மடங்கு," என்று வெர்ன் சிப்ஸிடம் சொன்னார்.

"அப்ப நீயும் பாறைக்குப் போகலை," என்றார் மெர்ல். "நானும் கடலுக்குப் போகலை. சனிக்கிழமை முழுக்க ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்து உயிரோட இருப்போம். எங்க அக்கா டோரீனும் வர்றா. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

டோரீன் பேசத் தொடங்கினால் கடல்கூடப் பின்வாங்கும். கிளைவ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"இது அநியாயம்! எத்தனை ஆயிரம் பேர் பாறையில நிக்கிறாங்க! அதுல போறவன் யாரு? அலையைப் பார்க்காதவன், மிதவைச் சட்டை போடாதவன், தனியாப் போனவன். எவனோ ஒருத்தன் போயிட்டான்னு மத்தவனெல்லாம் வீட்டுக்குள்ள முடங்கணுமா? நாம கார் ஓட்டலையா? ஏணியில ஏறலையா? கடலைப் பார்த்து, புத்தியோட, பக்கத்துல ஒரு ஆளோட போனா ஒண்ணும் ஆகாது! பயந்து சாகிறதுக்கா பிறந்தோம்?"

மேசையில் ஓங்கித் தட்டினார். கிளைவ் ட்ரெவாரோ தம் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறந்த உரை அது. வெர்ன் தம்மையறியாமல் கைதட்டிவிட்டார்.

மெர்ல் காகிதத்தில் விரல்களை நிதானமாகத் துடைத்தார். "அழகாச் சொன்னே. கடைசியில என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"பயந்து சாகிறதுக்கா..."

"அதுக்கு முன்னாடி."

"பக்கத்துல ஒரு ஆளோட..." என்ற கிளைவ், அங்கேயே நின்றார். தாம் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"அதேதான். ஆறரை மணிக்குப் படகுத்துறைக்கு வந்துடு. வெர்ன் சாட்சி."

கிளைவ் மெதுவாக உட்கார்ந்தார். மிகவும் தணிந்த குரலில், "படகுல ஓரமா ஒரு தூண்டில் மட்டும்..." என்றார்.

"ஒரு சொட்டு மீன் ரத்தம், மைல் கணக்குல மோப்பம். சொன்னது யாரு?"

சனிக்கிழமைக் கடல் கண்ணாடிபோல இருந்தது. மெர்ல் ஒரே சீராக நீந்தினார். பக்கத்தில் கிளைவ், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். முக்கால் தூரம் கடந்தபோது அவரையும் மீறி, "கையை இன்னும் நீட்டிப் போடு, மெர்ல், நல்லா வர்றே!" என்று கத்தினார். கத்தியதற்காக உடனே தம்மீதே எரிச்சல்பட்டார்.

கரைக்கு இருபது கெஜம் இருக்கையில் மேட்டிலிருந்து சங்கு ஊதியது.

கிளைவ் திரும்பிப் பார்த்தார். முனையைச் சுற்றிக்கொண்டு, வீடளவு அகலத்தில், கரியதொன்று நீருக்கடியில் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தாம் நடித்த பயம் அசலாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. "கரையேறு, மெர்ல்! சீக்கிரம் போ!" என்று அலறிக்கொண்டே, அந்தக் கருமைக்கும் மனைவிக்கும் நடுவில் படகைத் திருப்பினார். அவர் திருப்பி முடிப்பதற்குள் மெர்ல் மணலில் நடந்துகொண்டிருந்தார். கழகத்தார் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கருமை படகுக்கு அடியில் வந்தது. கிளைவ் குனிந்து பார்த்தார்.

சால்மன். ஆயிரக்கணக்கில். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் கண்டிராத கூட்டம். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். படகின் அடிப்பலகையை வால்கள் தட்டிச் சென்றன. பின்னால் சுறா எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் கிளைவ் கவனித்திருக்க மாட்டார். ஆனால் அவர் கையில் இருந்ததோ தூண்டில் அல்ல, துடுப்பு.

கூட்டம் நேராக அவருடைய பாறையை நோக்கிப் போயிற்று. அங்கே வெர்ன் மிதவைச் சட்டை அணிந்து, பாறையில் பதித்திருந்த வளையத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, புத்தியோடு நின்றிருந்தார். அவர் தனியாகவும் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஆளாக டோரீன் நின்றிருந்தார். டோரீன் கையில் வளைந்து துடித்துக்கொண்டிருந்தது கிளைவின் புதுத் தூண்டில்.

கணக்கு இவ்வாறு முடிந்தது. நீச்சல் கட்டணத்தை மெர்ல் பிப்ரவரியிலேயே கட்டியிருந்தார். துணைப் படகோட்டி என்ற இடத்தில் கிளைவின் பெயரும் அப்போதே எழுதப்பட்டிருந்தது. படகு வாடகை நாற்பது டாலரைச் செவ்வாய்க்கிழமை கிளைவ் கட்டினார். டோரீன் பிடித்த பதினொரு சால்மனையும் அவரே எடுத்துக்கொண்டு ஞாயிறன்று ஊருக்குப் போனார். தூண்டிலுக்கு வாடகையென்று எதுவும் தரவில்லை, அதற்குப் பதிலாக நிறையப் பேசிவிட்டுப் போனார். சனிக்கிழமை இரவு மெர்லின் வெற்றியைக் கொண்டாடக் கடையிலிருந்து நான்கு பொட்டலம் வந்தது. அதற்கும் கிளைவ்தான் அப்போதே பணம் கொடுத்தார். ஆக அந்த ஈஸ்டரில் மனிதர் தின்ற சுறா ஏழு துண்டு. சுறா கடித்தது கிளைவின் பர்ஸை மட்டும்.